ஜீப் வேண்டாங்க மேடம்

என்னுடைய நீலத் தொப்பியை இப்போது என் வீட்டுக்காரர் மாந்தோப்புக்குப் போட்டுக்கொண்டு போகிறார். உலக நாடுகள் சேர்ந்து அனுப்பும் அமைதிப்படையில் எனக்குக் கொடுத்த தொப்பி அது. ஓராண்டு முழுக்க ஆப்பிரிக்க வெயிலில் என் தலையைக் காத்தது. இப்போது நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் தோப்பில் குரங்கு விரட்டுகிறது. கேட்டால், "வெயிலுக்கு நல்லாத்தான இருக்குது, நீ சும்மா ஆணியில மாட்டி வெச்சிருக்கற" என்கிறார். கூடவே கொடுத்த பதக்கத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். தோப்பில் அதற்கு வேலை இல்லை.

நான் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். இந்த மாவட்டத்திலேயே பிறந்து, இங்கேயே படித்து, சுற்றிச் சுற்றி இங்கேயே மாற்றலாகிக்கொண்டிருப்பவள். எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்த வேகத்தில் போய்விடும் என்று நான் சொல்லிக்கொள்வேன்; என் ஸ்டேஷனில் இருப்பவர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அமைதிப்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சுற்றறிக்கை வந்தபோது, "உனக்கும் அமைதிக்கும் என்னாடி சம்மந்தம்?" என்று கேட்டவரும் இந்தத் தொப்பிக்காரர்தான். அந்தக் கேள்விக்காகவே விண்ணப்பம் போட்டேன்.

ஆங்கிலம், துப்பாக்கி, கார் ஓட்டுவது என்று மூன்றிலும் தேர்வு உண்டு. ஆங்கிலத்தில் தப்பித்தேன். துப்பாக்கியில் நல்ல பெயர் வாங்கினேன். கார்தான் காலை வாரியது. நாலு மூங்கில் கம்புகளுக்கு நடுவே வண்டியைப் பின்பக்கமாக எடுத்து நிறுத்த வேண்டும். தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே ஜீப் ஓட்டியவள், அந்த நாலு கம்புகளிடம் தோற்றேன். இரண்டாம் முறைதான் தேறினேன்.

கிளம்புவதற்கு முன் வடக்கே ஓர் ஊரில் பயிற்சி கொடுத்தார்கள். அதில் ஒரு நாள் முழுக்க ஒரே பாடம்: உள்நாட்டுச் சண்டை நடக்கும் இடங்களில் பெண்கள் மீது நடக்கும் வன்கொடுமையை எப்படித் தடுப்பது. வகுப்பெடுத்த அம்மா குரலை உயர்த்தாமல் பேசுவார். "காவல் போடும் முன்னால் பெண்களிடம் கேளுங்கள்," என்றார். "எங்கே பயம், எந்த நேரத்தில் பயம், என்ன செய்தால் பயம் குறையும் என்று கேளுங்கள். கேட்காமல் போட்ட காவல் யாருக்கும் உதவாது." நோட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டேன். அடிக்கோடு போட்டால் மனதில் நிற்கும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ தெரியவில்லை.

போன நாட்டின் பெயர் இங்கே வேண்டாம். எங்கள் வேலை ஓர் அகதி முகாமைச் சுற்றி. ஊரை விட்டு ஓடிவந்தவர்கள் ஆயிரக்கணக்கில் கூடாரம் போட்டு இருந்தார்கள். அரிசி, பருப்பெல்லாம் லாரியில் வரும். சமைக்க விறகு வராது. அதற்கு முகாமை விட்டு வெளியே, புதர்க்காட்டுக்குப் போக வேண்டும். ஆண்கள் போனால் சுட்டுவிடுவார்கள் என்று பெண்கள் போனார்கள். அங்கே துப்பாக்கியோடு திரிந்தவர்களுக்குப் பெண்கள் எந்த வழியாக வருவார்கள் என்று நன்றாகத் தெரியும். விறகுக்குப் போன பெண்களைக் கெடுத்தால் அந்தப் பெண்களின் இனமே தலைகுனிந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு.

எங்கள் குழு கூடி ரோந்து போட்டோம். காலை ஒன்பது மணிக்கு முகாம் வாசலில் வெள்ளை வண்டிகள் மூன்று நிற்கும், பெண்கள் வரிசையாக வரலாம், முன்னால் ஒரு வண்டி, பின்னால் இரண்டு. திட்டம் தாளில் அழகாக இருந்தது. முதல் நாள் நாலு பேர் வந்தார்கள். இரண்டாம் நாள் ஒருவர். மூன்றாம் நாள் நாங்களும் வண்டிகளும்தான். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கடல் கடந்து வந்து காவல் நிற்கிறோம், இவர்களுக்கு என்ன கேடு என்று நானும் ஒரு கேரளத்துப் பெண் அதிகாரியும் மாறி மாறித் திட்டினோம்.

அந்த வாரத்தில் ஒரு நாள் விடியற்காலையில் மூன்று பெண்கள் தனியாக விறகுக்குப் போனார்கள். இரண்டு பேர் ஓடிவந்தார்கள். மூன்றாவது பெண் உச்சிவேளைக்கு நடந்து வந்தாள். அவளுக்கு என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை. அவள் அந்தக் காட்டில் இருந்த நேரத்தில் நான் ஒன்பது மணி ரோந்துக்காக ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் பாலிஷ் டப்பாவைத் திறந்தால் அந்த வாசனை எனக்கு ஆகாது. என் ஷூவை ஸ்டேஷனில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன்.

அதற்குப் பிறகுதான் மொழிபெயர்க்க ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு பெண்களின் கூடாரத்தில் போய் உட்கார்ந்து கேட்டோம். ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். ஒன்பது மணிக்குப் போனால் வெயில் மண்டையைப் பிளக்கும், திரும்பி வந்து உலை வைக்க மதியமாகும், பிள்ளைகள் அழும். உங்கள் வண்டிச் சத்தம் மூன்று மைலுக்குக் கேட்கிறது, நாங்கள் எந்தப் பக்கம் வருகிறோம் என்று நீங்களே தண்டோரா போடுகிறீர்கள். வழியில் ஒதுங்க வேண்டியிருந்தால் துப்பாக்கியோடு சுற்றி நின்று பார்க்கிறீர்கள். விடியும் முன் வாருங்கள், நடந்து வாருங்கள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நில்லுங்கள். அப்படியே செய்தோம். நான் அங்கே இருந்த மிச்ச நாட்களில் விறகுக்குப் போன எல்லாரும் முழுசாகத் திரும்பி வந்தார்கள்.

அந்த மூன்றாவது பெண்ணும் வந்தாள். உயரமாக இருப்பாள். நான் துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டி ஒரு கட்டு விறகைத் தலையில் வைத்ததைப் பார்த்து, அத்தனை நாளில் முதல் முறையாகச் சிரித்தாள். அவளும் அதே மாதிரிதான் சும்மாடு கட்டுவாள். என்னிடம் ஒரே ஒரு தமிழ்ச் சொல் கற்றுக்கொண்டாள். தினமும் முகாம் வாசலில் பிரியும்போது, "நாளைக்கு?" என்பாள். "நாளைக்கு" என்பேன். எங்கள் குழு ஊர் திரும்பும் நாளிலும் வாசலில் நின்று கேட்டாள். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

இவ்வளவு அனுபவத்தோடும் ஒரு பதக்கத்தோடும் தர்மபுரிக்குத் திரும்பி வந்தவள், இங்கே அதே தப்பைக் கொஞ்சமும் பிசகாமல் மறுபடி செய்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன்.

பாப்பாரப்பட்டிப் பக்கம் ஓர் ஏரி. ஏரிக்கு மேலே ஓர் ஊர், கீழே ஓர் ஊர். மேலூர், கீழூர் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு ஊரும் என்ன சாதி என்று கேட்பவர்களுக்கு எப்படியும் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்கு எதற்கு? கீழூரில் பாதிப் பேர் வீட்டுக்குள் கன்னடம் பேசுவார்கள். சண்டை மட்டும் தமிழில்தான், எதிராளிக்குப் புரிய வேண்டுமே.

மாரியம்மன் பண்டிகைக்குக் கீழூர்ப் பையன்கள் வைத்த ஃபிளெக்ஸ் பேனர் ஒரு நாள் காலையில் இரண்டாகக் கிழிந்து தொங்கியது. காற்றா, கையா என்று இன்றுவரை தெரியாது. மதியத்துக்குள் கல் பறந்தது. மாலைக்குள் இரண்டு பைக்கும் ஒரு வைக்கோற்போரும் எரிந்தன. மறுநாள் எங்கள் பந்தோபஸ்து இறங்கியது. தாலுகா ஆபீசில் அமைதிக் குழுக் கூட்டம் போட்டார்கள். இந்தப் பக்கம் பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி, அந்தப் பக்கம் பதினைந்து, முப்பதிலும் ஆண்கள். டீ குடித்தார்கள், பிஸ்கட் சாப்பிட்டார்கள், மேசையைத் தட்டினார்கள், கடைசியில் கையெழுத்துப் போட்டார்கள். அறையில் இருந்த ஒரே பெண் நான்தான், நானும் கதவோரம் நின்று கூட்ட நடவடிக்கையை எழுதிக்கொண்டிருந்தேன்.

கையெழுத்துக் காய்வதற்குள் மேலூர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு சுற்றியது. "அவனுங்க பைக்க கொளுத்துனா என்னா, பேனர கட்டுனா என்னா. வெள்ளக் கோட்டு ஒண்ணு தெனமும் நம்ம தோப்பு வழியாத்தான பஸ்ஸுக்குப் போவுது. நாம யாருன்னு அதுங்கிட்ட காட்டுவம்." இளவட்டக் குரல். பின்னால் இரண்டு மூன்று பேர் சிரிப்பு.

கீழூரில் வெள்ளைக் கோட்டுப் போடுகிறவள் ஒரே ஒருத்திதான். தர்மபுரியில் நர்சிங் மூன்றாம் வருஷம். அப்பா இல்லை. அம்மா பாப்பாரப்பட்டியில் புளி தட்டும் வேலைக்குப் போகிறார். வீட்டிலிருந்து கூட்ரோடு பஸ் நிறுத்தத்துக்கு இரண்டு கிலோமீட்டர். ஏரிக்கரை ஏறி, மேலூர் மாந்தோப்பைத் தாண்டி, சின்னப் பாலம் வழியாகப் போக வேண்டும். வேறு வழி கிடையாது. அந்தப் பதிவைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முகாமில் அந்த உயரமான பெண் ஒரு முறை மொழிபெயர்ப்பவள் வழியாகச் சொல்லியிருக்கிறாள்: துப்பாக்கி வருவதற்கு ஒரு வருஷம் முன்பே எங்கள் ஊரில் இந்தப் பேச்சு வந்துவிட்டது, ஆம்பளைகள் சும்மா பேசுகிறார்கள் என்று விட்டுவிட்டோம் என்று.

நான் சும்மா விடவில்லை. அன்றே மூன்று பையன்களைத் தூக்கினேன். அந்தக் குரல் தன்னுடையது இல்லை என்று மூவரும் சாதித்தார்கள். யாரும் புகார் கொடுக்க முன்வராததால் நானே புகார்தாரராக வழக்குப் போட்டேன். சில நாளில் ஜாமீனில் வந்தார்கள். வந்த அன்று அவர்களுக்குத் துண்டு போர்த்திப் படம் எடுத்து அதே குழுவில் போட்டார்கள். மறுநாளிலிருந்து மூவரும் சின்னப் பாலத்தின் கைப்பிடிக் கட்டையில் உட்கார ஆரம்பித்தார்கள். பாலத்தில் உட்காருவது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

நான் காவலைக் கூட்டினேன். ஏரிக்கரை மேல் விடியற்காலையிலிருந்து நாலு ஆண் காவலர்கள். அந்தப் பெண்ணுக்குத் தனியாக என் ஜீப், இரண்டு பெண் காவலர்கள். வீட்டு வாசலில் ஏற்றி, கூட்ரோட்டில் இறக்கி, மாலையில் திரும்பவும் ஏற்றி வாசலில் விட வேண்டும். மேலதிகாரி பாராட்டினார். "வெளிநாட்டு அனுபவம் பேசுது" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் ஜீப் காலியாகத் திரும்பி வந்தது. பொண்ணுக்கு உடம்பு சரியில்லையாம் என்றார்கள். ஐந்தாம் நாளும் உடம்பு சரியில்லை. நானே கிளம்பிப் போனேன். அவள் அம்மா வாசலிலேயே மறித்தார்.

"ஜீப் வேண்டாங்க மேடம். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"ஏம்மா, பாதுகாப்புக்குத்தான அனுப்பறேன்?"

"அது எனக்குத் தெரியுதுங்க. ஊருக்குத் தெரியலையே. மொத நாளு, ஏன் ஜீப்பு வருதுன்னு கேட்டாங்க. ரெண்டாம் நாளு, பொண்ணு என்னா பண்ணிச்சின்னு கேட்டாங்க. மூணாம் நாளு அவங்களே பதிலும் சொல்லிக்கிட்டாங்க. போலீஸ் ஜீப்புல ஏறி எறங்கற பொண்ண நாளைக்கு எவன் கட்டுவான்? ஓசூர்ல எங்கண்ணன் மவன் இருக்கறான். வைகாசில முடிச்சிடலாம்னு சொல்லிட்டங்க. படிச்ச வரைக்கும் போதும்."

அவருக்குப் பின்னால், அடுப்படி வாசலில் அந்தப் பெண் தடித்த புத்தகம் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். "எக்ஸாமுக்குப் பன்னெண்டு நாளுதாங்க இருக்குது மேடம்," என்றாள். பரீட்சை எழுதாவிட்டால் ஒரு வருஷம் போகும். ஒரு வருஷம் போனால் ஓசூர் வரும். பிறகு வெள்ளைக் கோட்டு எந்தப் பெட்டியின் அடியில் போகும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பாலத்தில் உட்கார்ந்திருந்த மூன்று பேர் அவள் மீது கை வைக்காமலே நினைத்ததை முடித்துவிட்டார்கள், அதற்கு என் ஜீப்பும் டீசல் போட்டுக்கொண்டு உதவியிருக்கிறது.

வெளியே வந்து ஜீப் படியில் உட்கார்ந்தேன். காலை ஒன்பது மணி வெள்ளை வண்டிகள் ஞாபகத்துக்கு வந்தன. ஏழு கடல் தாண்டிப் படித்த பாடத்தை ஏரிக்கரையில் கோட்டை விட்டுவிட்டேனே என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற டிரைவர் பயந்துபோய், "மேடம், தண்ணி வேணுங்களா?" என்றார்.

மறுநாள் காலையில் ஒரு பழைய நூல் புடவையைக் கட்டிக்கொண்டு பாப்பாரப்பட்டிக்கு டவுன் பஸ்ஸில் போனேன். புளி சீசன். புளி தட்டும் கொட்டகையில் முப்பது பெண்கள் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஓடு உடைத்து, நார் உருவி, சின்னக் கட்டையால் ஒரு தட்டுத் தட்டினால் கொட்டை வெளியே குதிக்கும். பாதிப் பேர் மேலூர், பாதிப் பேர் கீழூர். சண்டைக்கு முன் கலந்து உட்காருவார்களாம். இப்போது மேலூர் ஒரு வரிசை, கீழூர் ஒரு வரிசை, நடுவே புளியம்பழக் குவியல். கொட்டகைக்காரர் தம் பங்குக்கு ஓர் எல்லைக்கோடு போட்டுவைத்திருந்தார்.

நான் குவியலுக்குப் பக்கத்தில், இரண்டு வரிசைக்கும் பொதுவாக உட்கார்ந்து ஒரு கட்டையைக் கையில் எடுத்தேன். முதல் தட்டே என் கட்டைவிரலில் விழுந்தது. இரண்டு வரிசையும் ஒரே நேரத்தில் சிரித்தன. அந்தச் சிரிப்பு அடங்கும் முன் கேட்டுவிட்டேன். "தப்பு பண்ணிட்டங்க நான். உங்களக் கேக்காமப் போலீஸ் போட்டுட்டன். எங்க பயம், எப்பப் பயம், நீங்களே சொல்லுங்க."

கீழூர் வரிசையிலிருந்து ஒருவர், "மொதல்ல கர மேல நிக்கற போலீஸ்காரங்கள எடுங்க. வெடியக்காலையில நாங்க எங்கிங்க ஒதுங்கப் போறது? அஞ்சாறு நாளா வயித்த வலி," என்றார். மேலூர் வரிசையிலிருந்து, "ஆமாங்க, எங்களுக்கும் அதே கததான்," என்று பதில் வந்தது. சண்டைக்குப் பிறகு இரண்டு ஊரும் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் என் பந்தோபஸ்து சரியில்லை என்பதுதான்.

பிறகு நிற்கவில்லை. யாரோ கொட்டைகளை அள்ளித் தரையில் கரையைப் போட்டார்கள். இது தோப்பு, இது பாலம், இது கூட்ரோடு. முழுக் கொட்டை வைத்தால் அங்கே பயமில்லை, உடைந்த கொட்டை வைத்தால் பயம். இரண்டு வரிசையிலிருந்தும் கைகள் நீண்டன. நாங்கள் நாலு நாள் போட்ட வரைபடத்தில் பிள்ளையார் கோயில், பண்டிகை வளைவு, டீக்கடை எல்லாம் இருந்தது. இவர்கள் படத்தில் அவை எதுவுமே இல்லை. உடைந்த கொட்டைகள் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன. சின்னப் பாலம்.

அப்போது மேலூர் வரிசையின் முதல் ஆளாக உட்கார்ந்திருந்த மேஸ்திரியம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். ஐம்பது வயசிருக்கும். அத்தனை பேரையும் வேலைக்குக் கூட்டி வருவது அவர்தான். தரையில் கிடந்த உடைந்த கொட்டைகளைப் பார்த்தார். கீழூர் வரிசையில் இருந்த நர்சிங் பெண்ணின் அம்மாவைப் பார்த்து, "அந்த போன்ல பேசுனது எம் மவன் கொரலு. எனக்குத் தெரியும்," என்றார்.

இரண்டு பேரும் பத்து வருஷமாக ஒரே தூக்குவாளியில் களி பகிர்ந்து தின்றவர்கள் என்று பிறகு தெரிந்தது. மூன்று வாரமாகப் பேச்சு இல்லை.

"தெரிஞ்சே இத்தன நாளு வாய மூடிக்கிட்டு இருந்தியா?" என்றார் பெண்ணின் அம்மா.

"இருந்தன். வெக்கம். இப்ப சொல்றன். உம் பொண்ண அனுப்பு. நாங்க ஏழு பேரு காலையில தோப்பு மொனையில நிக்கறம். அவ பஸ் ஏறுன பொறவுதான் நாங்க வேலைக்கு."

"உம் மவன் குந்தியிருக்கற எடத்துல எம் பொண்ண நடக்கச் சொல்றியா?"

"நான் முன்னால நடக்கறன். என்னத் தாண்டிக்கிட்டு வரட்டும் பாக்கலாம்."

பெண்ணின் அம்மா மறுபடி கட்டையை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். ஒரு பத்துப் பழம் தட்டியிருப்பார். பிறகு தலையைத் தூக்காமலே, "எத்தன மணிக்கு?" என்றார். ஆறரைக்கு என்று முடிவானது. கொட்டகை வேலை எட்டு மணிக்குத்தான். இந்தப் பெண்ணுக்காக எல்லாரும் ஒரு மணி நேரம் முன்னதாக உலை வைக்க வேண்டும். எனக்கும் கட்டளைகள் வந்தன. ஜீப் கூடாது. காக்கி கூடாது. கரை மேல் இருக்கும் ஆண் காவலர்கள் ஊர் முனைக்குப் போக வேண்டும். நான் வருவதானால் புடவையில், கையில் தூக்குவாளியோடு வர வேண்டும். என் சர்வீஸில் இவ்வளவு உத்தரவை நான் எந்த உயரதிகாரியிடமும் எதிர்த்துப் பேசாமல் வாங்கியதில்லை.

முதல் நாள் கீழூரிலிருந்து அந்தப் பெண்ணையும் சேர்த்து ஆறு பேர் கிளம்பினோம். ஏரிக்கரையில் ஏறும்போதே என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "மேடம், பரேடு நடக்காதீங்க, பொம்பளையாட்டம் நடங்க." இருபது வருஷமாக இடது வலது என்று நடந்த கால், அவ்வளவு சுலபத்தில் கேட்குமா? தோப்பு முனையில் மேஸ்திரியம்மாவும் ஆறு பேரும் கூடையோடு நின்றார்கள். அந்தப் பெண் வெள்ளைக் கோட்டை மடித்துப் பைக்குள் வைத்திருந்தாள். மேஸ்திரியம்மா பையைத் தொட்டுப் பார்த்து, "எடுத்துப் போட்டுக்க கண்ணு. ஒளிச்சி எடுத்துக்கிட்டுப் போறதுக்கு அதென்ன திருட்டுச் சாமானா?" என்றார்.

பாலத்தில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைக் கண்டதும் ஒருவன் கைபேசியை உயர்த்திப் படம் பிடிக்கத் தொடங்கினான். எனக்குக் கை துறுதுறுத்தது. தூக்குவாளியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மேஸ்திரியம்மா நேராகப் போய்த் தன் மகன் முன்னால் நின்றார்.

"எழுந்திரி. பொம்பளைங்க வர்றாங்க, காலத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கற. எழுந்திரிச்சி நில்லு."

அவன் எழுந்தான். மற்ற இரண்டு பேரும் தாமாகவே எழுந்தார்கள்.

"போட்டோ புடிக்கிறீங்களா, புடிங்க. இதயும் சேத்துப் புடிங்க. இந்தப் பொண்ணு மேல கை வெச்சா உங்காத்தா மேல கை வெச்ச மாதிரி. அன்னிக்கி அந்த குரூப்புல என்னமோ பேசுனியே, இத உன் வாயால சொல்லிப் போடு பாக்கலாம்."

அவன் முகம் கறுத்துப்போய், செருப்பைத் தேய்த்துக்கொண்டு தோப்புக்குள் போய்விட்டான். படம் பிடித்தவன் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அந்தப் பெண் தலையைக் குனியாமல் பாலத்தைத் தாண்டினாள். பக்கத்தில் நடந்த அவளுடைய அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். என் கைக்குப் பிடித்துக்கொள்ளத் தூக்குவாளிதான் இருந்தது.

அடுத்த நாள் பாலத்தில் இரண்டு பேர். அதற்கடுத்த நாள் ஒருவன், அவனும் எங்களைக் கண்டதும் ஆட்டை ஓட்டுகிற மாதிரி பாவனை செய்தான், அங்கே ஆடே இல்லை. ஒரு வாரத்தில் பாலத்துக் கட்டை காலி. நடையில் பேச்சும் வந்துவிட்டது. பெண்ணிடம் ஆளாளுக்கு மூட்டு வலி, பித்தம், தலைசுற்றல் என்று வைத்தியம் கேட்க ஆரம்பித்தார்கள். அவள் கூட்ரோடு வரும்வரை நாடி பிடித்துக்கொண்டே நடந்தாள். மேலூர் அம்மா ஒருவர் தன் மருமகளைப் பற்றிய குறையெல்லாம் என்னிடம் சொல்லி, ஒரு நாள் ஸ்டேஷனுக்கு வரவழைத்து மிரட்டிவைக்கச் சொன்னார். மருமகளும் அதே கூட்டத்தில் நாலு அடி பின்னால்தான் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

பரீட்சை நாள் வந்தது. அன்று பதினேழு பேர். பஸ் ஏறும்போது மேஸ்திரியம்மா அவள் கையில் ஓர் உருண்டை புதுப் புளியை உப்பு வைத்து உருட்டிக் கொடுத்தார், குமட்டினால் வாயில் போட்டுக்கொள்ளச் சொன்னார். பஸ் போனதும் பெண்ணின் அம்மா என்னிடம், "ஓசூருக்குச் சொல்லிட்டங்க. வேலைக்குப் போன பொறவு பாத்துக்கலாம்னு," என்றார். எனக்கு அந்தப் பதக்கத்தை வாங்கியபோது கூட அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

இரண்டு ஊரும் கட்டிப்பிடித்துக்கொண்டன என்று நினைத்துவிடாதீர்கள். வழக்கு கோர்ட்டில் இருக்கிறது. வாய்தாவுக்கு மூவரும் வருகிறார்கள், நானும் போகிறேன். அடுத்த பண்டிகைக்கு இரண்டு ஊரிலும் போட்டி போட்டுக்கொண்டு பேனர் வைக்கத்தான் போகிறார்கள். ஆனால் கொட்டகையில் அந்தப் புளிக் குவியல் இப்போது ஓரமாக, சுவரை ஒட்டிக் கிடக்கிறது.

கடைசிப் பரீட்சைக்கு முந்தின நாள் கூட்ரோட்டில் மேஸ்திரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நாளையிலருந்து நீங்க வர வேணாங்க மேடம். நாங்க பாத்துக்கறம்." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏன், என் நடை பிடிக்கவில்லையா என்று கேட்டேன். "நடை கெடக்குதுங்க. உங்களுக்கு நாளைக்கே மாத்தல் வரும், போயிருவீங்க. நாங்கதான இங்கியே இருக்கப் போறம். பழகிக்க வேணாமா?" என்றார். நான் சரி என்று சொல்லி பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம் முகாம் வாசலில் நின்ற அந்த உயரமான பெண் என் கண் முன்னால் நின்றாள். அவளை இப்போது யார் கூட்டிப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் வர வேண்டாம் என்றால் வராமல் இருக்க நான் என்ன அவ்வளவு நல்லவளா? ஆறே முக்காலுக்குக் கூட்ரோடு டீக்கடையில், தூணுக்குப் பின்னால், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வந்தார்கள். எண்ணினேன். பதினான்கு பேர், நடுவில் வெள்ளைக் கோட்டு. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள், யார் பேச்சை யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை. பஸ் வந்தது. அந்தப் பெண் ஏறி, ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். மேஸ்திரியம்மா சத்தமாக, "நாளைக்கு லீவுதான? அப்ப திங்கக்கெழம ஆஸ்பத்திரி டூட்டிக்கு, அதே நேரம்," என்றார். அவள் தலையாட்டினாள்.

யாரும் டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. டீக்காரர், "என்னாங்க, டீ சூடா இருக்குதா?" என்றார். ஆமாம் என்றேன்.